ம்

டண்டியில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை கொண்டுபோவதை விட்டு ஒன்பது வருடம்.
பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி,
டிஷ்யூப் பெட்டி, தண்ணீர், ஒலிப்பதிவுக் கருவி.
நான் மொழிபெயர்ப்பாளர்.
கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது
என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
பெயர் சொல்லக்கூடாது என்றும்.
மோராக் மட்டும் பரவாயில்லை,
அவர் பெயர் கதவிலேயே இருக்கிறது.

பிள்ளை திருநெல்வேலிப் பக்கம்.
நான் கதைப்பதை அவள் பேசுகிறாள்,
ஆனாலும் விளங்கியது.
மாநாட்டில் நாற்பது நிமிடம்
ஆங்கிலத்தில் பற்றரியைப் பற்றிச் சொன்னவள்.
இதற்கு மட்டும் அது போதவில்லை.

"எனக்கு அப்படி ஆயிட்டு" என்றாள்.
யார் செய்தது? கேட்டார் மோராக்.
அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை.
காய்ச்சல் மாதிரி
தானாக ஆகியிருந்தது.
நான் எழுவாய் சேர்க்க முடியாது.
காத்திருந்தேன்.
வெகுநேரம் கழித்து அவளே கொண்டுவந்து வைத்தாள்
ஒரு பெயரை, மேசையில்.

கற்பழிப்பு என்று அச்சடித்த பத்திரிகைகளில்தான்
நான் எழுத்துக் கூட்டப் பழகினேன்.
அழிந்தது அவளுடையதாம்.
அழித்தவன் அந்தச் சொல்லுக்குள் வருவதேயில்லை.
அவள் அதைச் சொல்லவில்லை.
மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அடுத்த அறைக்காரன், ஐரிஷ் பையன்,
எழுதிக் கொடுத்திருந்தான்:
அவளால் நேராக நிற்க முடியவில்லை.
அவன் அவளுடைய சப்பாத்துகளைக்
கையில் தூக்கிக்கொண்டு போனான்.
எவ்வளவு நல்லவன் என்று நினைத்து
சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

பிறகு அவன்.
அவனும் தமிழ்தான்.
வேறு மொழிபெயர்ப்பாளரைத் தேடினார்களாம்,
இந்தக் கரையில் கிடைக்கவில்லை.
"கேட்டேன். 'ம்'னு சொன்னா."

மோராக் என் பக்கம் திரும்பினார்.

ம்.
உதடு மூடினால்தான் பிறக்கும்.
கதை கேட்கிறவள் கொட்டுவாள்.
பல் வைத்தியரின் கதிரையில்
வேறென்ன சொல்ல முடியும்?
நித்திரையில் யாரும் பெயர் கூப்பிட்டால் வரும்,
கூப்பிட்டது யாரென்று தெரியாமலே.
வலியிலும் வரும்.
ஐம்பது வருடம் என் வாயில் கிடந்த எழுத்து,
முதல் தடவையாக அதற்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

"அது ஒரு சத்தம்" என்றேன்.
எப்படி எழுதுவது என்று கேட்டார்.
தமிழிலேயே எழுதிக் காட்டினேன்,
புள்ளியை மறக்காமல்.

அவனைப் பார்த்துக் கேட்டார்:
திரும்பக் கேட்டீர்களா?
"ம்" என்றான்.

மன்னிக்கவும், ஆமா, இல்லையா, எனக்கு விளங்கவில்லை,
என்றார் மோராக்.
தண்ணீரை அவன் பக்கம் தள்ளினார்.
அவசரமில்லை.
இன்றைக்கு வேண்டாமென்றால் நாளைக்கு.
நடுவில் நிறுத்தலாம், எந்த நேரமும்,
காரணம் சொல்லத் தேவையில்லை.
ஒவ்வொன்றையும் தமிழில் அவனுக்குக் கொடுத்தேன்.
என் குரல் நடுங்கியதைக் கருவி பதிந்திருக்கும்.
அந்த இரவு, அந்த அறையில்,
இதில் எந்த ஒரு வாக்கியமும் போதுமாயிருந்தது.

முடிவு எனக்குத் தெரியாது. சொல்லமாட்டார்கள்.

செப்டம்பரில் ஒரு சுவரொட்டி வந்தது தமிழாக்க,
சொல்லுக்குப் பன்னிரண்டு பென்ஸ்.
மௌனம் சம்மதம் இல்லை என்று எழுதவேண்டும்.
எங்கள் பழமொழி நேரெதிராய்ச் சொல்கிறது,
அதை வைத்து எத்தனை கல்யாணம் முடித்தோம்.
கூட்டக்கூடாதுதான்.
கூட்டினேன், ஒரு வரி, காசு வாங்காமல்:
'ம்' என்றால் திரும்பக் கேள்.

ஒட்டினார்களா என்று பார்க்கப் போனேன்.
விடுதியில் சலவை அறை,
மூன்றாம் இயந்திரத்துக்கு மேலே, சற்றுச் சரிவாக.
ஈரத் துணியோடு நின்ற பொன்முடிப் பையன்
அந்த எழுத்தைக் காட்டி, இது என்ன, என்றான்.
உதட்டை மூடிச் சொல்லிக் காட்டினேன்.

"அப்படியென்றால் ஆமாவா?"

தெரியாது, என்றேன்.